செஞ்சிக் கோட்டையும் விமான எண்ணெயும்



திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் பயணம் செய்தவர்கள் செஞ்சியின் குன்றுகளை எளிதில் மறந்துவிட முடியாது. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம் என்னும் மூன்று குன்றுகளையும் நெடுமதில் ஒன்று வளைத்துக் கட்டியிருக்கிறது. 2025 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் இக்கோட்டைக்கும் இடம் கிடைத்தது. பார்க்கச் செல்லும் மாணவர்கள் பெரும்பாலும் இராசகிரியின் உச்சிக்கே விரைகின்றனர். தேசிங்கு ராஜன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் அங்கே விரைவது இயல்புதான்.

நான் இன்று உங்களைச் சிறிது நேரம் சாலைக்கு வடக்கே உள்ள கிருஷ்ணகிரிக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கே கருங்கல்லால் எழுப்பிய தானியக் களஞ்சியங்கள் இருக்கின்றன. எண்ணெயும் நெய்யும் சேமித்து வைத்தவை என்று சொல்லப்படும் தொட்டிகளும் உள்ளன. கலியாண மகாலைப் போன்ற அழகு அவற்றிற்கு இல்லை. அவற்றின் முன் நின்று நிழற்படம் எடுத்துக்கொள்வாரும் அரியர். ஆயினும் கோட்டையைக் காத்தவற்றுள் மதிலுக்கு அடுத்தபடி வைத்து எண்ணத்தக்கவை அவையே.

மொகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690 ஆம் ஆண்டில் செஞ்சியை முற்றுகையிட்டார். கோட்டைக்குள் இருந்தவர் சிவாஜியின் மைந்தர் இராஜாராம். முற்றுகை இடையிடையே தளர்ந்தும் இறுகியும் 1698 வரை நீடித்தது. எட்டு ஆண்டுகள்! முற்றுகை இறுகிய நாட்களில் கோட்டைக்குள் இருந்தவனுடைய நிலையை எண்ணிப் பாருங்கள். களஞ்சியத்து நெல்லில் வண்டு விழுந்திருந்தால் கடைத்தெருவுக்குச் சென்று வேறு நெல் வாங்கி வர இயலாது. தொட்டியில் மழைநீர் கசிந்து எண்ணெய் கெட்டிருந்தால் அந்தக் கெட்ட எண்ணெயைக் கொண்டே காலம் தள்ள வேண்டும். உள்ளே வைத்ததுதான் உண்டு. உள்ளே வைக்கும்போது நன்றாக இருந்ததா என்பதுதான் கேள்வி.

ஒரு முறை அந்தக் களஞ்சியத்தின் நிழலில் நான் அமர்ந்திருந்தபோது மிக உயரத்தில் ஒரு விமானம் வெள்ளைக் கோடு இழுத்துச் சென்றது. அதற்கும் இக்கோட்டைக்கும் உள்ள உறவு அப்போதுதான் எனக்குப் பட்டது. தரையிலிருந்து பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் விமானமும் முற்றுகையிடப்பட்ட கோட்டையே. சாலையில் செல்லும் பேருந்தின் எஞ்சின் நின்றுபோனால் ஓட்டுநர் ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் பார்க்கலாம். விமானிக்கு அந்த வசதி இல்லை. ஏற்றிச் சென்ற எண்ணெய்தான் அவருக்கு எண்ணெய். அந்த எண்ணெயின் வகைகளையும், அதன் தூய்மையைக் காக்கும் முறைகளையும் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

விமான எண்ணெய் என்றதும் ஏதோ ஒரு மாயத் திரவம் என எண்ண வேண்டா. அதில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று பெட்ரோல் குடும்பம். மற்றொன்று நம் பாட்டிமார் அரிக்கேன் விளக்கில் ஊற்றிய மண்ணெண்ணெயின் குடும்பம்.

மூத்தது பெட்ரோல். 1932 அக்டோபர் 15 ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து ஒரு சிறு புஸ்மாத் விமானத்தில் தபால் மூட்டையுடன் புறப்பட்டு அகமதாபாத் வழியாகப் பம்பாய் வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் தபாலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அகமதாபாத்தில் அந்த விமானத்துக்கு வேண்டிய பெட்ரோல் நான்கு காலன் தகரங்களில் மாட்டு வண்டியில் ஏறி வந்ததாம். இன்றைக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அக்காலத்து விமானிகள் வேடிக்கை மனிதர்கள் அல்லர். தகரத்திலிருந்து எண்ணெயை நேரே ஊற்றிவிட மாட்டார்கள். ஷாமாய்ஸ் என்னும் மெல்லிய பதனிட்ட தோலைப் புனலில் விரித்து அதன் வழியே ஊற்றுவது வழக்கம். பெட்ரோலில் நனைந்த அந்தத் தோல் பெட்ரோலை விடும், தண்ணீரை விடாது. துருவும் தூசும் மேலே நின்றுவிடும். இன்று இலட்சக்கணக்கான லிட்டரைச் சலிக்கும் பெரிய வடிகட்டிகள் செய்யும் வேலையும் அடிப்படையில் அதுவே.

இன்றும் பயிற்சி விமானங்கள் முதலான சிறு விமானங்களில் மோட்டார் வண்டிபோல் உருளையும் தண்டும் உள்ள எஞ்சினே இருக்கிறது. அதற்கு வேண்டுவது விமானப் பெட்ரோல். எஞ்சினுள் பெட்ரோல் ஆவி சீராக எரியாமல் காலம் தவறி வெடித்தால் சம்மட்டியால் தட்டுவது போன்ற ஓசை எழும். சில நிமிடங்களில் எஞ்சின் பழுதாகிவிடும். இத்தட்டலைத் தாங்கும் திறனையே ஆக்டேன் எண்ணால் குறிக்கின்றனர். அதை உயர்த்துவதற்கு ஈயம் கலந்த ஒரு சேர்மத்தைச் சேர்ப்பது பழைய வழக்கம். ஈயம் மனித உடலுக்கு நஞ்சு என்பதால் மோட்டார் வண்டிப் பெட்ரோலிலிருந்து அது நீக்கப்பட்டுவிட்டது. விமானப் பெட்ரோலிலிருந்து மட்டும் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. நம் நாடு இவ்வகைப் பெட்ரோலை நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்தே தருவித்தது. 2022 ஆம் ஆண்டில்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் இதனை உள்நாட்டிலேயே செய்து வெளியிட்டது.

பயணிகள் செல்லும் பெரிய விமானங்களில் இருப்பது தாரை எஞ்சின். அதனுள் தீ அடுப்பைப் போல் இடைவிடாது எரிகிறது. ஆகவே ஆக்டேன் எண்ணைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அது கேட்பது மண்ணெண்ணெய். பிரிட்டனில் தாரை எஞ்சினை உருவாக்கிய காலத்தில், எங்கும் எளிதாகக் கிடைத்த விளக்கு மண்ணெண்ணெயையே எடுத்து ஊற்றினார்கள். அதன் வழித்தோன்றலே உலகெங்கும் வழங்கும் ஜெட் ஏ-1 என்னும் வகை. அமெரிக்காவின் உள்நாட்டு விமானங்கள் ஜெட் ஏ என்பதைப் பயன்படுத்துகின்றன. கனடாவின் கடுங்குளிருக்கு இலேசான கலவை ஒன்று உண்டு. விமானந்தாங்கிக் கப்பல்களில் தீ பெரும்பகை. ஆதலால் அங்கே 60 பாகை செல்சியஸ் வரை தீப்பற்றாத வகையையே வைத்திருப்பார்கள்.

நம் நாட்டில் ஜெட் ஏ-1 எண்ணெய்க்குரிய விதிகளை இந்தியத் தரக் குறிப்பு 1571 வகுத்துள்ளது. அதிலுள்ள எண்களை மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. ஆனால் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அதை அறிந்துகொள்வது சுவையானது.

முதலாவது தீப்பற்று நிலை. எண்ணெயைச் சிறிது சிறிதாகச் சூடாக்கி அதன் ஆவியருகே சிறு சுடரைக் காட்டினால், எந்த வெப்பத்தில் ஆவி பளிச்சென்று பற்றுகிறதோ அதுவே தீப்பற்று நிலை. இது 38 பாகைக்குக் குறையலாகாது. பெட்ரோலோ உறைபனிக் குளிரிலும் பற்றிக்கொள்ளும். இரண்டும் சிறிது கலந்துவிட்டால் இந்த எண் உடனே கீழிறங்கிக் குற்றத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது உறைநிலை. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்தால் எண்ணெய் இறங்குவதில்லை அன்றோ? விமானம் பறக்கும் உயரத்தில் வெளிக்காற்று சுழிக்குக் கீழே 50 பாகைக்கு மேல் குளிர்ந்திருக்கும். இறக்கைகளுக்குள் இருக்கும் எண்ணெய் மணிக்கணக்கில் மெல்ல மெல்லக் குளிரும். மண்ணெண்ணெயில் உள்ள மெழுகு அப்போது படிகமாகத் திரண்டு குழாய்களை அடைக்கக் கூடாது. எனவே சுழிக்குக் கீழே 47 பாகை வரையிலும் படிகம் தங்கலாகாது என்பது ஜெட் ஏ-1 இன் விதி. ஜெட் ஏ வகைக்குச் சுழிக்குக் கீழே 40 பாகை போதும். வடதுருவத்தை ஒட்டிய நெடும்பயணங்களில் இந்த ஏழு பாகை வேறுபாடு பெரிதாகிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது புகைநிலைச் சோதனை. ஆய்வுக்கூடத்தில் திரியிட்ட ஒரு சிறு விளக்கில் விமான எண்ணெயை ஊற்றி ஏற்றுகிறார்கள். திரியை உயர்த்த உயரச் சுடர் வளரும்; ஓர் அளவுக்கு மேல் புகையும். புகையாமல் எவ்வளவு உயரம் சுடர் எழுகிறது என மில்லி மீட்டரில் அளக்கிறார்கள். 25 மில்லி மீட்டர் எழுந்தால் நல்ல எண்ணெய். சிமினிக் கண்ணாடியில் கரி படிந்ததற்காகத் திரியை இறக்கிய பாட்டிக்கும் இச்சோதனை நன்கு விளங்கியிருக்கும். எஞ்சினுள் கரித்துகள் மிகுந்தால் அவை செந்தணலாகக் கனன்று எரியறையின் சுவரைச் சுடும். அதனால்தான் இத்தனை அக்கறை. மெருகிட்ட செப்புத் தகட்டைச் சூடான எண்ணெயில் இரண்டு மணி நேரம் மூழ்கவைத்து நிறம் மாறுகிறதா எனப் பார்ப்பதும் உண்டு. அரிக்கும் கந்தகப் பொருள்கள் இருந்தால் தகடு கறுத்துவிடும்.

இத்தனை சோதனைகளில் தேறிச் சான்றிதழ் பெற்றுத்தான் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை விட்டுப் புறப்படுகிறது. சென்னைக்கு அருகில் மணலியில் 1969 இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை அத்தகையது. அங்கிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குக் குழாய்வழி எண்ணெய் செல்கிறது. ஆலையிலேயே தேறிவிட்ட எண்ணெய்க்கு அப்புறம் என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் உண்மையான கதை தொடங்குகிறது. நல்ல எண்ணெயைச் செய்வது ஆலையின் வேலை. அதை நல்லதாகவே இறக்கை வரை கொண்டுசேர்ப்பது பலர் கைமாறிச் செய்யும் வேலை. வழியில் எண்ணெய் மேலும் நல்லதாவதில்லை. கெடுவதற்கு மட்டுமே அதற்கு வாய்ப்பு உண்டு.

வழியில் காத்திருக்கும் முதற்பகை ஆள்மாறாட்டம். பெட்ரோல் எஞ்சினில் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டால், குழாய்களில் மிஞ்சிய பெட்ரோலைக் கொண்டு விமானம் ஓடுபாதையை விட்டு எழுந்துவிடும்; சிறிது உயரம் ஏறியதும் எஞ்சின் நின்றுவிடும். இதனைத் தடுக்கவே இன்று பெருவழக்கிலுள்ள விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் ஏற்றுகிறார்கள். மண்ணெண்ணெய் நிறமற்றோ வைக்கோல் நிறத்திலோ இருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றும் குழாயின் வாயையும் வாத்தின் அலகுபோல் அகலமாகச் செய்திருக்கிறார்கள். பெட்ரோல் விமானத்தின் சிறு வாயில் அது நுழையாது.

அதனினும் பெரிய பகை தண்ணீர். தண்ணீர் எண்ணெயில் மூன்று வேடங்களில் வாழ்கிறது. கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது ஒன்று. நுண்துளிகளாக மிதந்து எண்ணெயைப் பனிமூட்டம்போல் மங்கச் செய்வது ஒன்று. அடியில் தனியே தேங்குவது ஒன்று. சூடான எண்ணெய் மிகுதியான நீரைக் கரைத்துக்கொள்ளும். குளிரும்போது அதை வெளியே தள்ளிவிடும். ஆகவே பகலில் தெளிவாக இருந்த எண்ணெய் இரவில் நீர் விடலாம். ஈரக்காற்று மிகுந்த நம் கடற்கரை நகரங்களில், கொள்கலம் மூச்சு வாங்குவதுபோல் காற்றை இழுக்கும்போது ஈரமும் உள்ளே புகுகிறது. நீர் தேங்கிய இடத்தில், எண்ணெயையே உணவாகக் கொள்ளும் ஒரு பூஞ்சை முளைக்கிறது என்றால் நம்புவீர்களா? நீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லையில் வாழும் அது கொழகொழப்பான படலமாகப் பரவி வடிகட்டிகளை அடைக்கும். அதன் அமிலம் அலுமினியத்தையும் அரிக்கும்.

இதற்குக் கண்ட மாற்று நம் வீட்டு எண்ணெய்ச் சாடியிலேயே இருக்கிறது. செக்கிலிருந்து வந்த மணிலா எண்ணெயைத் தெளியவிட்டு மேலாக இறுத்துக்கொள்கிறோம். கசடு அடியில் நிற்கிறது. விமான நிலையக் கொள்கலத்தின் அடிப்பகுதியும் ஒரு பக்கமாகச் சரிவுடையது. எண்ணெய் வந்து நிரம்பியதும் குறித்த நேரம் அசையாது இருக்க வேண்டும். பின்னர் சரிவின் கடைசியிலுள்ள குழாயைத் திறந்து அடியில் சேர்ந்ததை வடித்துவிடுவர். எண்ணெயை எடுக்கும் குழாயோ மிதவையில் கட்டுண்டு மேற்பரப்பின் அருகிலிருந்தே உறிஞ்சும். வழியில் உள்ள வடிகட்டியில், நுண்துளிகளைப் பெருந்துளிகளாக ஒன்றுசேர்த்து வீழ்த்தும் அடுக்கு ஒன்றும், வீழாததைத் தடுத்து நிறுத்தும் அடுக்கு ஒன்றும் இருக்கும்.

இவ்வளவும் கடந்தபின், விமானத்தின் அருகில் ஒரு பணியாள் கண்ணாடிச் சாடியில் எண்ணெய் பிடித்து வெளிச்சத்தில் உயர்த்திப் பார்க்கிறார். தெளிவாகவும் பளபளப்பாகவும் இருக்கிறதா? அதன்பின் ஒரு சிறு ஊசிக்குழலின் முனையில் மஞ்சள் வில்லை பொருத்திய குப்பியை மாட்டி எண்ணெயை உறிஞ்சுகிறார். ஆயிரம் லிட்டரில் 30 மில்லி லிட்டர் நீர் இருந்தாலும் வில்லை பச்சையாக மாறும். ஆயிரம் லிட்டரில் இரண்டு கரண்டித் தண்ணீர்! வில்லை பச்சையானால் அந்த எண்ணெய் விமானத்துக்குள் ஏறாது.

இத்தனைக் கெடுபிடி வேண்டுமா என்பார்க்கு இந்தோனேசியாவின் சுரபாயா நகரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2010 ஏப்ரல் 13 ஆம் நாள் அங்கிருந்து காதே பசிபிக் நிறுவனத்தின் விமானம் ஒன்று 309 பயணிகளும் 13 ஊழியருமாக ஹாங்காங் புறப்பட்டது. சில காலம் முன்பு சுரபாயா விமான நிலையத்தில் தரையடி எண்ணெய்க் குழாய்களை நீட்டிக்கும் வேலை நடந்திருந்தது. அவ்வேலையின்போது உட்புகுந்த உப்புநீர் முற்றிலும் கழுவி வெளியேற்றப்படவில்லை. எண்ணெய் ஏற்றும் வண்டியின் வடிகட்டியில் நீரை உறிஞ்சிப் பருக்கும் ஒருவகைப் பொருள் இருந்தது. நல்ல நீராக இருந்தால் அது பருத்துக் குழாயையே அடைத்து எண்ணெயை நிறுத்தியிருக்கும். உப்புநீர் அதன் இயல்பைக் குலைத்தது. அப்பொருள் நுண்ணிய உருண்டைகளாக எண்ணெயோடு விமானத்துக்குள் சென்றது. காவலுக்கு வைத்தவனே களவுக்குத் துணைபோன கதை இது.

உருண்டைகள் எஞ்சினுக்குள் எண்ணெயை அளந்து விடும் வால்வில் அடைந்தன. ஹாங்காங்கை நெருங்கும்போது ஓர் எஞ்சின் விசையின்றி ஏறத்தாழச் செயலற்றுப் போயிற்று. மற்றொன்று மிகுந்த வேகத்திலேயே சிக்கிக்கொண்டு குறைக்க முடியாததாயிற்று. ஒன்று ஓடாது, ஒன்று நில்லாது. மணிக்கு 250 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் இறங்க வேண்டிய விமானம் ஏறத்தாழ 430 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டது. சக்கரங்களின் தடைகள் பழுக்கக் காய்ந்தன, டயர்கள் காற்றிழந்தன. ஓடுபாதை முடிவதற்குள் விமானம் நின்றது. வெளியேறும்போது பலர் காயமுற்றனர். ஆனால் 322 பேரும் உயிர் பிழைத்தனர். விமானிகளின் திறமைக்கு அன்று குறைவில்லை. ஆயினும் அத்திறமையை அவ்வளவு கடுமையாகச் சோதித்தது, குழாயில் மிஞ்சிய உப்புநீர். இந்நிகழ்ச்சிக்குப் பின் அவ்வகை வடிகட்டிகள் மீது நம்பிக்கை தளர்ந்தது. உலகெங்கும் அவற்றைக் கைவிடும் முயற்சியும் தொடங்கியது.

விதிகளின்படி எல்லாம் சரியாக இருந்தும் துன்பம் நேர்ந்ததுண்டு. 2008 ஜனவரி 17 இல் பீகிங்கிலிருந்து இலண்டன் வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஓடுபாதைக்கு முன்னரே புல்தரையில் விழுந்தது. இறந்தவர் எவரும் இல்லை. அதன் எண்ணெயைச் சோதித்தபோது குற்றம் எதுவும் காணவில்லை. எல்லா எண்ணெயிலும் இருக்கக்கூடிய சிறிதளவு நீர்தான் இருந்தது. அந்நீர் நெடுவழிக் குளிரில் பனிக்கட்டியாகிக் குழாயின் உட்சுவரில் ஒட்டியிருந்து, இறங்கும் நேரத்தில் ஒருசேரக் கழன்று, எஞ்சினுக்குச் செல்லும் எண்ணெயைச் சூடாக்கும் கருவியின் வாயை அடைத்துவிட்டது. இங்கே திருத்த வேண்டியிருந்தது எண்ணெயை அன்று, அந்தக் கருவியை. அதையும் திருத்தினார்கள்.

இனி, ஏட்டுக்கணக்கைப் பற்றியும் ஒரு சொல். ஒவ்வொரு தொகுதி எண்ணெயும் தன் சான்றிதழோடுதான் ஊர் விட்டு ஊர் செல்கிறது. பெறுபவர் முதலில் அடர்த்தியை அளக்கிறார். எண்ணெய் சூட்டில் விரியும். ஆதலால் எல்லா அளவையும் 15 பாகைக்கு மாற்றிச் சொல்வது மரபு. 15 பாகையில் 0.800 அடர்த்தியுள்ள மண்ணெண்ணெய், 35 பாகைச் சூட்டில் சுமார் 0.786 காட்டும். சித்திரை வெயிலில் அளந்தவர் இம்மாற்றத்தைச் செய்யாவிட்டால் நல்ல எண்ணெயையும் ஐயுற நேரும். மாற்றிய பின்னும் சான்றிதழில் உள்ள எண்ணுக்கு 0.003 க்கு மேல் வேறுபட்டால் வழியில் ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள்; வண்டி அங்கேயே நிற்கும். மாதிரிப் புட்டிகளைப் பூட்டி வைப்பதும் உண்டு. பின்னர் எங்கேனும் தொல்லை நேர்ந்தால் அப்புட்டியே சாட்சி. இயற்பியல் வகுப்பில் நீரடர்த்திமானியை மிதக்கவிட்டு, எதற்கு இது என்று சலித்துக்கொள்ளும் மாணவர்க்கு இச்செய்தியைச் சொல்லி வைக்கிறேன்.

செஞ்சிப் பக்கத்து வேலியோரங்களிலும் தரிசுகளிலும் காட்டாமணக்குச் செடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆடும் தின்னாத செடி அது. 2018 ஆகஸ்டு 27 ஆம் நாள் டேராடூனிலிருந்து டில்லிக்கு ஸ்பைஸ்ஜெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று பறந்தது. அதன் ஓர் எஞ்சினுக்குரிய எண்ணெயில் நான்கில் ஒரு பங்கு காட்டாமணக்கு விதையிலிருந்து எடுத்ததாக இருந்தது. செடியிலிருந்தும், சமைத்துக் கழித்த எண்ணெயிலிருந்தும், விளைச்சற் கழிவிலிருந்தும் விமான எண்ணெய் செய்யும் முயற்சி பல நாடுகளில் நடந்துவருகிறது. நிலத்தடி எண்ணெயை எரிப்பதால் காற்றில் சேரும் கரியமில வாயுவைக் குறைப்பது அதன் நோக்கம். வேலியில் வளர்ந்தது என்பதற்காக ஆய்வுக்கூடம் அதற்குச் சலுகை காட்டுவதில்லை. அந்தப் புதிய எண்ணெயையும் அதே திரி விளக்கில் ஏற்றிப் பார்க்கிறார்கள். அதே செப்புத் தகட்டை அதிலும் மூழ்கவைக்கிறார்கள். அதன்பிறகு, விமானத்தின் அருகில் நிற்கும் பணியாள் அதைக் கண்ணாடிச் சாடியில் பிடித்து வெளிச்சத்தில் உயர்த்திப் பார்க்கிறார்.